வெப் 2.0 காலத்து நிருபர்கள் விலைபோனவர்களா?

3 மார்ச், காலை 8.12 (வாசகர் ஒருவரின் கேள்வி)

2005 வாக்கில், பயனர்களே எழுதிப் பகிரும் தளங்கள் பெருகிய வெப் 2.0 காலத்தில், சிலிக்கான் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து ஸ்டார்ட்அப் செய்தி எழுதிய நிருபர்கள் அத்தனை பேரும் காசுக்கு எழுதியவர்கள் என்பது என் கட்சி. வாசகர்களே செய்திகளுக்கு ஓட்டுப்போடும் டிக் தளத்தைத் தொடங்கிய கெவின் ரோஸை பிசினஸ்வீக் இதழின் அட்டையில் போட்டு, 18 மாதத்தில் 60 மில்லியன் டாலர் சம்பாதித்த பையன் என்று எழுதினார்கள். கடைசியில் அந்தத் தளம் வெறும் 5 லட்சம் டாலருக்குப் போனது. காசு வாங்காமல் ஒருவர் இப்படி எழுதுவாரா? அங்கே இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் மறுத்துப் பேசுங்கள்.

3 மார்ச், பகல் 1.30

இருந்தேன். 2006 முதல் 2009 வரை சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சின்னச் செய்தித் தளத்துக்கு எழுதினேன். பெயர் வேண்டாம், அந்தத் தளமே இப்போது இல்லை. காசு யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. டி-ஷர்ட் கொடுத்தார்கள். கம்பெனி மூடிய பிறகும் டி-ஷர்ட் கிழியாது. செத்துப்போன ஸ்டார்ட்அப்களின் லோகோக்களை வைத்துத்தான் எங்கள் வீட்டில் ரொம்ப காலம் கார் துடைத்தோம்.

டிக் கணக்கை மட்டும் இப்போதே சரிசெய்துவிடுகிறேன். அந்த அட்டை வந்தது ஆகஸ்ட் 2006-இல். 60 மில்லியன் என்பது ரோஸின் பங்குக்குக் காகிதத்தில் போட்ட மதிப்பு, அவர் வங்கிக் கணக்கில் கிடந்த பணம் இல்லை. அந்தத் தலைப்பை நானும் எதிர்க்கிறேன். ஆனால் 2012 ஜூலையில் டிக்கை வாங்கிய பீட்டாவொர்க்ஸ் கம்பெனி கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 5 லட்சமும் முழுக் கதை இல்லை. அது தளத்துக்கும் பெயருக்கும். காப்புரிமைகளை லிங்க்ட்இன்னும் ஆட்களை வாஷிங்டன் போஸ்டும் அதற்கு முன்பே தனித்தனியாக எடுத்துக்கொண்டன. ஏறும்போது தலைப்பு ஊதியது, இறங்கும்போதும் தலைப்பு ஊதியது. இரண்டுக்கும் யாரும் லஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

3 மார்ச், இரவு 10.15

"அப்படியானால் எது அவர்களை அப்படி எழுத வைத்தது" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். நேரம்தான். ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொன்னால் புரியும்.

காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் பி.ஆர். (கம்பெனிகளின் மக்கள் தொடர்பு) ஆட்களின் கடிதங்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றிலும் முதல் வரி எம்பார்கோ. அதாவது, விவரத்தை இப்போதே உனக்குச் சொல்கிறோம், ஆனால் இன்ன தேதி, இன்ன மணிக்கு முன்னால் வெளியிடாதே என்ற ஒப்பந்தம். பத்திரிகைத் தொழிலில் இது பழைய வழக்கம்தான். அறிவியல் இதழ்கள் நிருபர்களுக்கு ஆய்வுக்கட்டுரையை முன்கூட்டியே கொடுப்பது இப்படித்தான், நிதானமாகப் படித்து நாலு பேரிடம் கேட்டு எழுதட்டும் என்பதற்காக. எங்கள் ஊரில் அந்த நிதானம் காணாமல் போய்விட்டது. சம்மதம் என்று பதில் போட்டால் நிறுவனரோடு அரை மணி நேரம் தொலைபேசி. அவர் அதே அரை மணியை அன்றைக்கு வேறு பல பேருக்கும் கொடுத்திருப்பார், அதே நகைச்சுவையோடு.

நிறைய எம்பார்கோக்கள் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவுக்கு விலகும். எங்களுக்கு அது இரவு 9 மணி. வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், நான் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வெளியிடு பொத்தான் மேல் விரலோடு உட்கார்ந்திருப்பேன். "முகூர்த்தம் முடிந்ததா, சாப்பிடலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். 8.57-க்கே ஒரு தளம் போட்டுவிடும். உடனே மற்ற எல்லாரும் கூட்டமாகப் போட்டுத் தள்ளுவோம். பி.ஆர். பெண் எல்லாருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதுவாள். மறுநாள் அதே தளத்துக்கு அடுத்த எம்பார்கோவும் போகும், ஏனென்றால் அவர்களிடம்தான் வாசகர்கள் இருந்தார்கள்.

மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு சண்டையா என்றால், டெக்மீம் என்று ஒரு தளம் உண்டு. கேப் ரிவேரா 2005-இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. ஒரே செய்தியை எழுதியவர்களில் ஒருவரின் தலைப்பைப் பெரிதாக மேலே வைக்கும், மற்றவர்கள் பெயரெல்லாம் கீழே சின்ன எழுத்தில் வரிசையாக இருக்கும். பள்ளத்தாக்கில் முக்கியமான ஆட்கள் அத்தனை பேரும் காலையில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். 2007 அக்டோபரில் எந்தத் தளம் எத்தனையாவது இடம் என்று தரவரிசைப் பட்டியலும் போட ஆரம்பித்தார்கள். அதன் பிறகு எங்கள் எடிட்டர் கேட்ட முதல் கேள்வி "சரியா?" என்பது இல்லை, "மேலே இருக்கிறோமா?" என்பதுதான்.

4 மார்ச், காலை 7.05

யூட்யூபை கூகுள் 1.65 பில்லியன் ரொக்கம் கொடுத்து வாங்கியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். ரொக்கம் இல்லை, கூகுள் பங்குகள். அறிவிப்பு வந்தது 9 அக்டோபர் 2006, திங்கட்கிழமை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஸ்டார்ட்அப் செய்தித் தளமான டெக்கிரஞ்ச் இந்த விற்பனை பற்றிய வதந்தியை வெளியிட்டது. தலைப்பிலேயே இது கொஞ்சமும் உறுதிப்படுத்தப்படாத வதந்தி என்று போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தத் தலைப்பு மறக்காது. அதுவரை நான் படித்த பத்திரிகைத் தொழிலில் உறுதியாகாத செய்தியை எழுதக் கூடாது. இங்கே உறுதியாகவில்லை என்று சொல்லிவிட்டால் எழுதலாம் என்று ஆனது. அன்றே வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் பேச்சுவார்த்தை நடப்பதாக எழுதியது, மூன்றே நாளில் வதந்தி உண்மையாகவும் ஆகிவிட்டது. பிறகு அந்த வழக்கத்தை யார் கேள்வி கேட்பது?

4 மார்ச், காலை 7.40

எதிர் உதாரணமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. 16 மே 2007, என்காட்ஜெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம். ஐபோன் ஜூனில் வராது, அக்டோபருக்குத் தள்ளிப்போகிறது என்று ஆப்பிள் ஊழியர்களுக்குப் போன உள்சுற்று மின்னஞ்சல் ஒன்று அவர்கள் கையில் கிடைத்தது. போட்டார்கள். சில நிமிடங்களில் ஆப்பிளின் சந்தை மதிப்பில் ஏறத்தாழ 4 பில்லியன் டாலர் காணாமல் போனது. மின்னஞ்சல் உண்மையிலேயே ஊழியர்களுக்குப் போயிருந்தது, ஆனால் போலி. திருத்தம் சீக்கிரமே வந்தது, பங்கு விலையும் ஏறிவிட்டது. இடையில் பயந்து விற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? இதிலும் யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4 மார்ச், இரவு 11.20

விருந்துகளைப் பற்றிக் கேட்டவருக்கு.

மைக்கேல் ஆரிங்டன் 2005 ஜூனில் டெக்கிரஞ்சைத் தொடங்கியபோது ஏதர்டனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அவர் பத்திரிகைத் துறையிலிருந்து வந்தவர் இல்லை. வக்கீல். ஸ்டார்ட்அப்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர், தானும் கம்பெனி தொடங்கிப் பார்த்தவர். அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த விருந்துகளில் நிறுவனர், முதலீட்டாளர், நிருபர் எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றி நின்று பர்கர் சாப்பிட்டார்கள். பிறகு கூட்டம் தாங்காமல் மென்லோ பார்க்கில் சாண்ட் ஹில் சாலையில் இருக்கும் ஆகஸ்ட் கேப்பிட்டல் என்ற வி.சி. (ஸ்டார்ட்அப்களில் முதலீடு போடும்) கம்பெனியின் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வி.சி. கம்பெனியின் மொட்டைமாடி, வி.சி. கம்பெனியின் ஒயின். உள்ளே நுழைய டிக்கெட்டுக்கு அடிதடி.

நான் போன விருந்துகளில் பார்த்தது இதுதான்: யார் நிருபர், யார் நிறுவனர் என்று சட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைக்கு நிருபராக நிற்பவர் அடுத்த மாதம் ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்திருப்பார். நேற்று நிறுவனராக இருந்தவர் இன்று எழுத ஆரம்பித்திருப்பார். குழந்தைகள் ஒரே பள்ளியில் படிக்கும். இந்த ஊரில் ஒருவர் தயாரிப்பைக் குப்பை என்று காலையில் எழுதிவிட்டு, மாலையில் அவர் பக்கத்தில் நின்று ஒயின் குடிக்க வேண்டும். எழுதலாம், சிலர் எழுதினார்கள். ஆனால் 'இது குப்பை' என்பது 'இது இன்னும் முழுமை பெறவில்லை' என்று தானாகவே மென்மையாகிவிடும். எனக்கும் ஆகியிருக்கிறது, அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அந்த மொட்டைமாடியில் நின்ற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஆரிங்டன் தான் முதலீடு செய்த கம்பெனிகளைப் பற்றித் தன் தளத்தில் செய்தி வரும்போது அதை அறிவித்துவிடுவார். அறிவித்தால் போதும் என்பது அவர் வாதம். போதாது என்றவர்கள் நிறைய. காரா ஸ்விஷர் என்ற தொழில்நுட்ப நிருபர் இன்னொரு பக்கம். அவருடைய அப்போதைய துணைவி மேகன் ஸ்மித் கூகுளில் பெரிய பதவியில் இருந்தார். ஆல் திங்ஸ் டி தளத்தில் ஸ்விஷர் தன் உறவு, அதில் வரும் பணம், தான் வாங்காத பங்கு எல்லாவற்றையும் நீளமாக எழுதிப் பொதுவில் வைத்திருந்தார். நம்மூரில் எந்த நிருபராவது தன் கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கட்டுரைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

5 மார்ச், காலை 6.50

"குற்றம் சொல்லி ஒரு வரி எழுதியதுண்டா?" உண்டு. 2006 ஜூலையில் ட்விட்டர் வெளிவந்தபோது, அப்போது பெயர் ட்விட்டர்கூட இல்லை, உயிரெழுத்தெல்லாம் உதிர்ந்த ஒரு பெயர், ஒடியோ என்ற பாட்காஸ்ட் கம்பெனியின் பக்கத் திட்டம். ஆரிங்டனே எழுதினார்: முக்கியத் தயாரிப்பு தூங்கி வழிகிறது, இதில் பக்கத் திட்டம் எதற்கு, பங்குதாரர்கள் என்ன நினைப்பார்கள் என்று. பயனாளர்களின் தனியுரிமைப் பிரச்சினையையும் சுட்டிக்காட்டினார். அன்றைக்குக் கையில் இருந்த விவரத்தை வைத்துப் பார்த்தால் அது சரியான விமர்சனம். பிற்பாடு ட்விட்டர் ஜெயித்ததால் அந்தக் கட்டுரையைக் கேலிக்கு எடுத்துப் போடுகிறார்கள். விமர்சித்தால் முட்டாள், பாராட்டினால் கூலி. சரி, எழுதுகிறவர் எங்கே போவார்?

5 மார்ச், இரவு 9.30

உடம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

தொழில்நுட்ப நிருபர் ஓம் மாலிக்கை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். டெல்லியில் பிறந்து நியூயார்க் வழியாக வந்தவர். ரெட் ஹெரிங், பிசினஸ் 2.0 பத்திரிகைகளில் எல்லாம் வேலை பார்த்துவிட்டு 2006-இல் சம்பள வேலையை விட்டு கிகாஓம் என்ற தன் செய்தித் தளத்தை முழுநேரத் தொழிலாக்கினார். அதற்கு முதலீடு போட்டது ட்ரூ வென்ச்சர்ஸ் என்ற வி.சி. கம்பெனி. பிராட்பேண்ட், தொலைத்தொடர்பு என்று மற்றவர்கள் சலித்துக்கொண்ட விஷயங்களை அவர் எழுதினால் புரியும். 28 டிசம்பர் 2007 அன்று மாரடைப்பு. வயது 41. பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அதை அவரே தன் தளத்தில் எழுதினார்.

அதே டிசம்பரில் மார்க் ஆர்ச்சன்ட் என்ற எழுத்தாளர் மாரடைப்பில் இறந்தார். 2008 மார்ச்சில் ரசல் ஷா. ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் இந்த மூன்றையும் சேர்த்து, இணையத்தில் எழுதியே சாகிறார்கள் என்கிற தொனியில் ஒரு கட்டுரை போட்டது. எங்கள் வட்டாரத்தில் அந்தக் கட்டுரைக்கு ஒரே கிண்டல். வேலைதான் கொன்றது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, அதை அந்தக் கட்டுரையே ஒத்துக்கொண்டது. ஆனால் கிண்டல் செய்த நாங்கள் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. கிழக்குக் கரை எழும்போது எங்களுக்கு விடியற்காலை 5, எம்பார்கோ விலகும்போது இரவு 9. நடுவில் ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கியது என்று செய்தி வந்தால் அதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது தடவை யோசித்துப் பார்த்தால், கேள்வி கேட்டவரின் "காசுக்கு" என்ற சொல்லை இங்கே கொண்டுவரலாம். ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. என் தளம் அதையும் தாமதமாகத்தான் கொடுத்தது, கடைசி மாதங்களுக்குக் கொடுக்கவே இல்லை. 2008 ஜனவரியில், கிசுகிசுத் தளங்கள் நடத்திய காக்கர் குழுமம் எழுத்தாளர்களுக்குப் பக்கம் பார்த்தவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பணம் தர ஆரம்பித்தது. காசு எழுத்தை மாற்றியது இந்த வழியில்தான். ஸ்டார்ட்அப் கொடுத்த பணம் இல்லை, எங்களுக்குப் படியளந்தவர் போட்ட கணக்கு.

6 மார்ச், காலை 8.00

பெண் நிருபர்கள் பற்றி ஒரு தோழி கேட்டிருக்கிறார். 2008 மார்ச், ஆஸ்டின், சவுத் பை சவுத்வெஸ்ட் மாநாட்டு மேடை. நிருபர் சாரா லேசி ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க்கைப் பேட்டி எடுத்தார். நான் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தபடி ட்விட்டரில்தான் பார்த்தேன். ட்விட்டரை நம்பினால் அது மாபெரும் நாசம். கேள்வி சரியில்லை, சிரிப்பு சரியில்லை, முடியைச் சுருட்டுகிறார் என்றெல்லாம். அரங்கத்தில் ஆட்கள் கத்திக் குறுக்கிட்டார்கள்.

பிறகு காணொளியைப் பார்த்தேன். சொதப்பல் இருந்தது, நாசம் இல்லை. வாய் திறக்கக் கூச்சப்படும் 23 வயதுப் பையனிடமிருந்து ஏதாவது வாங்க ஒருவர் முயன்றுகொண்டிருந்தார். அரங்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் குறிப்பை ஒருவர் படித்துப் படித்துச் சூடேறினார்கள். நாங்கள் ஒன்றரை வருடமாகப் புகழ்ந்து வளர்த்த ட்விட்டர் என்ற கருவி முதன்முறையாக எங்கள் ஆள் ஒருவர் மேலேயே திரும்பியதை அன்றுதான் பார்த்தேன். அவர் முடியைப் பற்றி எழுதியவர்கள் சக்கர்பெர்க் வெறுமையாகச் சொன்ன பதில்களைப் பற்றி எழுதவில்லை.

6 மார்ச், பகல் 12.45

கூகுளின் சமூக வலைத்தளமாக இருந்த ஆர்க்குட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கோபப்படுபவருக்கு: எழுத ஆசைதான். 2004 ஜனவரியில் வந்தது. இந்தியாவிலும் பிரேசிலிலும் ஊரே அதில்தான் இருந்தது. மதுரையிலிருந்து சொந்தக்காரர்கள் கேட்டதெல்லாம் ஆர்க்குட். ஸ்கிராப் (அதில் எழுதும் சேதி) போட்டேனே, பார்த்தாயா என்பார்கள். எடிட்டர் கேட்டதெல்லாம் ஃபேஸ்புக். பாலோ ஆல்டோவில் நடந்து போகிற தூரத்தில் இல்லாத பயனாளர்கள் அவருக்குப் பயனாளர்களே இல்லை.

ஜோஹோவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அப்போது கம்பெனியின் பெயர் அட்வென்ட்நெட், பிளெசன்டனில் அலுவலகம், சென்னையில் பெரும்பாலான ஆட்கள். 2005-இல் இணையத்திலேயே ஆவணம் எழுத உதவும் ஜோஹோ ரைட்டர் வந்துவிட்டது. கூகுள் அதே மாதிரியான ரைட்லியை வாங்கியது 2006 மார்ச்சில்தான். டெக்கிரஞ்ச் உட்படப் பலர் ஜோஹோவைப் பற்றி நல்லவிதமாக எழுதினார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் செய்திக்கு ஒரு அச்சு இருந்தது: இன்ன கம்பெனி, இன்ன வி.சி.யிடமிருந்து, இத்தனை மில்லியன். ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு வெளி முதலீடு வாங்காதவர். தலைப்பில் போட எண் கிடையாது. லாபம் பார்க்கும் கம்பெனி என்று சொன்னால், அதில் என்ன செய்தி என்பது போல எடிட்டர் பார்ப்பார்.

6 மார்ச், இரவு 10.50

2008 அக்டோபர், உலக நிதி நெருக்கடி நேரம். செக்கோயா கேப்பிட்டல் என்ற வி.சி. கம்பெனி தன் முதலீட்டில் இருந்த கம்பெனிகளின் தலைவர்களைக் கூப்பிட்டு ஒரு காட்சி உரை நடத்தியது. முதல் பக்கத்தில் கல்லறைக் கல், நல்ல காலத்துக்கு இரங்கல். அது வெளியே கசிந்த வாரத்திலிருந்து வேலை தலைகீழ். மில்லியன் எண்ணிக்கை போய், வேலை இழந்தவர்கள் எண்ணிக்கை. தினமும் கூப்பிட்டுப் பேசிய நிறுவனர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நான் நல்லபடியாக எழுதியது அந்த மாதங்களில்தான். எம்பார்கோ இல்லை, நிறுவனரின் நகைச்சுவை இல்லை, வேலை போன பொறியாளர்கள் காபிக் கடையில் உட்கார்ந்து நேரம் எடுத்துப் பேசினார்கள்.

டிசம்பரில் டெக்கிரஞ்ச் எம்பார்கோவுக்குச் சாவுமணி அடித்தது. இனி சம்மதம் சொல்வோம், ஆனால் இஷ்டப்பட்டபோது மீறுவோம் என்று வெளிப்படையாகவே. நேர்மையற்றதை நேர்மையாக அறிவிக்கும் அந்தக் கலை அவர்களுக்கே உரியது. 2009 ஜனவரியில் மியூனிக்கில் ஒரு மாநாட்டில் யாரோ ஆரிங்டன் முகத்தில் துப்பிவிட்டுப் போனார். அவர் ஒரு மாதம் எழுதாமல் விலகியிருந்தார். எனக்கு அவர் எழுத்துமுறையோடு சண்டை உண்டு. அன்று அந்தச் சண்டையை ஒதுக்கிவைத்தேன்.

7 மார்ச், காலை 7.15

வேலிவேக் கிசுகிசுத் தளம் மட்டும்தான் துணிந்து எழுதியது என்கிறார் ஒருவர். துணிச்சல் இருந்தது, 2007 டிசம்பரில் முதலீட்டாளர் பீட்டர் தீலின் பாலின விருப்பத்தை ஊரறியப் போட்டதும் அவர்கள்தான். அதில் என்ன பொதுநலன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. தீல் மறக்கவில்லை. மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் காக்கர் மேல் தொடுத்த வழக்குக்குப் பின்னால் இருந்து பணம் கொடுத்தார். 2016-இல் தாய்க் கம்பெனி காக்கர் திவாலானது. துணிச்சலை எங்கே செலவழிக்கிறோம் என்பதும் முக்கியம். கோடீஸ்வரர் ஒருவர் பத்திரிகையையே மூட முடியும் என்பது அதைவிடப் பயமான செய்தி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

8 மார்ச், இரவு 9.10

"அவர்களெல்லாம் இப்போது எங்கே?" என்ற கேள்வி எனக்குச் சங்கடம், ஏனென்றால் பதில் கேள்வி கேட்டவர் பக்கம் சாய்கிறது. டெக்கிரஞ்சை ஏஓஎல் என்ற இணையக் கம்பெனி 2010-இல் வாங்கியது. மறு வருடமே ஆரிங்டன் கிரஞ்ச்ஃபண்ட் என்று முதலீட்டு நிதி தொடங்கி, அதனால் எழுந்த சண்டையில் டெக்கிரஞ்சை விட்டு வெளியேறினார். ஓம் மாலிக் தன் தளத்துக்கு முதலீடு போட்ட அதே ட்ரூ வென்ச்சர்ஸில் பங்குதாரர் ஆனார். கிகாஓம் 2015 மார்ச்சில் கடன்காரர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் நின்றது. என்னோடு எழுதியவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு கம்பெனியில் செய்தித் தொடர்பு. நானும் கொஞ்ச காலம் அந்த வேலை பார்த்தேன். எம்பார்கோ கடிதம் எழுதுவது படிப்பதைவிடச் சுலபம், சம்பளம் முதல் தேதியே வந்துவிடும்.

அதனால் அன்றே விலைபோனார்கள் என்று ஆகாது. ஆனால் அவர்களில் பலர் மனதளவில் அந்தப் பக்கத்து ஆட்களாகவே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் எழுதியதில் இருந்த ஆர்வம் பொய்யில்லை, அது முதலீட்டாளரின் ஆர்வம்.

8 மார்ச், இரவு 9.25

சாரா லேசி விட்டுப்போயிற்று. 2012-இல் பாண்டோ என்ற செய்தித் தளம் தொடங்கி நடத்தி விற்றார். இப்போது பாம் ஸ்பிரிங்ஸில் புத்தகக் கடை வைத்திருக்கிறார். அங்கே எம்பார்கோ தொல்லை இருக்காது என்று யாரும் எழுதிவிடாதீர்கள். பெரிய புத்தகம் வந்தால் வெளியீட்டுத் தேதிக்கு முன் பெட்டியைப் பிரித்து விற்கக் கூடாது என்று பதிப்பகங்கள் கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும்.